விசில் ஊதினால் கூடவும்

உச்சி வெயிலில், தன்னுடைய பட்டாசுக் கம்பெனியில் வெடி காயப்போடும் சிமெண்ட் மேடையின் மேல் ஒரு மணைப்பலகையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, சீனிவாசகம் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

துடுப்பு என்றால், இரண்டு முனையிலும் கிஃப்ட் பாக்ஸ் அட்டை கட்டிய மூங்கில் கம்பு. சீசன் ஓய்ந்து மேடை காலியாகக் கிடந்ததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வலது பக்கம் ஓர் இழுப்பு, இடது பக்கம் ஓர் இழுப்பு. வீட்டில் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் அப்படித்தான் செய்தார். அவருக்குக் கீழே தண்ணீர் இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

மோர்ச் சொம்போடு வந்த மனைவி யோகேஸ்வரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"எம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

"கேலி பண்ணாத யோகு. ஞாயித்துக்கிழமை நெசமாவே கடலுக்குப் போகணும்."

"பேசாம உள்ளதைச் சொல்லிருங்க. தண்ணின்னா எனக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை. தலையவா வாங்கிரப் போறாக?"

தலையை வாங்க மாட்டார்கள், சம்பந்தம் கைவிட்டுப் போய்விடும் என்றார் சீனிவாசகம். சொல்லிவிட்டு இடது பக்கம் இன்னொரு இழுப்பு இழுத்தார். மணைப்பலகை நகரவில்லை.

சீனிவாசகத்துக்கு ஒரே மகள், ஐஸ்வர்யா. மதுரையில் வேலை பார்க்கிறாள். வந்த வரன்களை எல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தவள். ஒருவனுக்கு மீசை பிடிக்கவில்லை, ஒருவன் சாப்பிடும்போது பேசுகிறான், இன்னொருவன் பேசவே மாட்டேன் என்கிறான். வீட்டில் பெற்றவர்கள் இருவரும் நொந்து போயிருந்த சமயத்தில், சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் மணிகண்டராஜின் மகன் ராம்குமாரின் போட்டோவைப் பார்த்ததும், எதுவும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக யோகேஸ்வரி ஏறாத கோயில் இல்லை. அப்பாவிடம் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்: மாப்பிள்ளையின் அப்பாவோடு மட்டும் ஒத்துப்போய்விடுங்கள்.

ஒத்துப்போவதா பெரிய காரியம் என்று அப்போது நினைத்தார் சீனிவாசகம்.

இந்த வரனைக் கொண்டுவந்தவர் தரகர் லட்சுமிகாந்தம். முதல் தடவை ஜாதகம் வாங்க வந்தபோது, ஹாலில் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காபி குடித்தார். அந்தச் சுவரில் போன மழையில் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. கொத்தனார் வருகிற வரைக்கும் மானத்தை மறைக்க, பழைய காலண்டரில் இருந்து கடல் படம் ஒன்றைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நீலக்கடல், நடுவில் ஒற்றைப் படகு. கொத்தனார் வரவே இல்லை. படம் அப்படியே நின்றுவிட்டது. தரகரும் வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் வந்தபோது அவர் முகத்தில் வெளிச்சம்.

"உங்களுக்குன்னே செஞ்சு வச்ச இடம் அண்ணாச்சி. மாப்பிள்ளைக்கு அப்பாதான் கயாக் கிளப்புக்குத் தலைவரு."

கயாக் என்பது ஓர் ஆள் உட்கார்ந்து, இருமுனைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகும் ஒடிசலான படகு என்பதையும், அதில் கூட்டமாகக் கடலுக்குப் போவதற்கென்று விருதுநகரில் ஒரு கிளப் இருக்கிறது என்பதையும் சீனிவாசகம் அன்றைக்குத்தான் அறிந்தார். விருதுநகரில் இருந்து கடலைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் பஸ் மாற வேண்டும். அவருடைய ஊரான ஆமத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்பது லாரியில் வருவது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் கடல் படகுக்குக் கிளப் நடத்துகிறார் என்றால் அவர் எப்பேர்ப்பட்டவராக இருக்க வேண்டும். சீனிவாசகத்துக்கு நெஞ்சு நிறைந்து போனது.

போட்டோவைப் பார்த்து மகள் தலையாட்டிய அன்று சாயங்காலமே மணிகண்டராஜிடம் இருந்து போன் வந்தது. குசலம் விசாரித்துவிட்டு, "கடல்னா உங்களுக்கு ரொம்ப இஷ்டமாமே அண்ணாச்சி?" என்று கேட்டார்.

தரகர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கிறார் என்று சீனிவாசகம் புரிந்துகொண்டார். மகளின் தலையாட்டல் கண்முன் வந்தது. திருச்செந்தூரில் அலையின் நுனி கால் விரலைத் தொட்டதும் பின்வாங்கி, சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டு கரையேறும் மனிதர், கூசாமல் சொன்னார்: "உயிரு அண்ணாச்சி."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, "எனக்கும் அப்படித்தான்" என்றார் மணிகண்டராஜ்.

அடுத்த ஞாயிறு கண்மாயில் படகுப் பழக்கம், அவசியம் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. தை மாதம், கண்மாயில் இடுப்பளவுக்குத் தண்ணீர் கிடந்தது. இடுப்பளவு என்பது நிற்கிறவனுக்கு. விழுகிறவனுக்கு அது என்ன அளவு என்று சீனிவாசகம் ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினார். தோள்பட்டை பிடித்துக்கொண்டது, துடுப்பைத் தொடக்கூட முடியவில்லை, வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்றார்.

மணிகண்டராஜ் முகம் மலர்ந்தது. வருத்தப்படுவார் என்று பார்த்தால், தோள்வலியோடு தண்ணீரில் இறங்கவே கூடாது, கரையில் நில்லுங்கள், துணைக்கு நானும் நிற்கிறேன் என்று குடையை விரித்துவிட்டார். கிளப் ஆட்கள் கண்மாய்க்குள் கும்மாளம் போட, தலைவர் கரையிலேயே நின்றார். அவருடைய சொந்தப் படகு வந்து இறங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மரத்தடியில் கிடந்தது. தன்னால் ஒரு கடல் மனிதர் கரையில் நின்று வெயில் காய வேண்டியிருக்கிறதே என்று சீனிவாசகத்துக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. சாமான்களையும் என்ன பதவிசாக வைத்திருக்கிறார் என்று மலைத்தும் போனார்.

கிளப்பில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருக்கும் ஞானமுத்து கரையேறி வந்து, சீனிவாசகம் அண்ணாச்சி கம்பெனியில் இதுவரை ஒரு விபத்து கிடையாது, தோள் சரியாகிற வரைக்கும் அவர் ஏன் நம் கிளப்புக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருக்கக் கூடாது என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். தோள்வலி ஒரு பதவியில் கொண்டுபோய் விடும் என்று சீனிவாசகம் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை உதித்தது. பதவிதான் கையில் இருக்கிறதே. கிடுக்கிப்பிடியாக விதி போட்டால் இவர்கள் கடலுக்கே போக முடியாது. நிச்சயதார்த்தம் முடிகிற வரைக்கும் இழுத்தால் போதும்.

பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் கட்டிக்காத்த விதிகளை எல்லாம் அப்படியே கடலுக்குத் தூக்கிப் போட்டார். நான்கு பேருக்கு மேல் ஓரிடத்தில் நெருங்கி இருக்கக் கூடாது. செருப்பு, செல்போன், இரும்புச் சாமான் கூடாது. வானத்தில் மின்னல் தெரிந்தால் வேலை நிறுத்தம். துணைக்கு ஒரு மோட்டார் வள்ளம் கூடவே வர வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பொறுப்பாளர் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எழுதுகிற வேகத்தில், போர்மேன் இல்லாமல் வெடிமருந்து அறைக்குள் யாரும் போகக் கூடாது என்பதையும் விடாமல், பொறுப்பாளர் இல்லாமல் ஒருவரும் தண்ணீருக்குள் போகக் கூடாது என்று மாற்றி எழுதிவிட்டார். அந்த ஒரு வரி தன்னை என்ன செய்யப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

கிளப் கூட்டத்தில் வாசித்தபோது முணுமுணுப்பு வரும் என்று காத்திருந்தார். ஒரு முணுமுணுப்பும் இல்லை. விதி இல்லாத இடத்தில்தான் அந்த ஆட்களுக்குக் கை கால் ஓடாது. மணிகண்டராஜுக்கோ அதுவும் போதவில்லை. கொஞ்சம் காற்று அடித்தாலும் போக வேண்டாம் என்று ஒன்றைச் சேர்த்தார். மேகம் தெரிந்தாலும் வேண்டாம் என்றார். கடைசியில், "அலை இருந்தாலே போக வேண்டாம்னு போட்டுருவோமா அண்ணாச்சி?" என்று ஆசையாகக் கேட்டார்.

கடலை இவ்வளவு மதிக்கிற மனிதரை சீனிவாசகம் பார்த்ததில்லை. தன்னுடைய திருட்டுத்தனத்தை அவருடைய பக்தியோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டார்.

இதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் ஆமத்தூர் வீட்டுக்கு வந்து போனார்கள். மணிகண்டராஜ் ஹாலுக்குள் நுழைந்ததும் அந்தக் கடல் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். நெடுநேரம் நின்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப ஆழமான கடல் போல" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி செல்லக்கனி, அதிகம் பேசாத பெண்மணி, படத்தையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொடுத்த அல்வாவைக் குனிந்து சாப்பிட்டாள். ஒரு படத்துக்கே இப்படி உருகுகிறாரே என்று சீனிவாசகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மாசி பிறந்தது. வேம்பாரில் இருந்து டென்னிஸ் போன் செய்தான். கடற்கரைப் பையன்; கயாக் பழக்குவதுதான் அவன் தொழில். காற்று இல்லை, மேகம் இல்லை, கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கிறது, அண்ணாச்சி போட்ட விதி அம்புட்டும் பொருந்தி வந்திருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் இப்படி ஒரு நாள் கிடைக்காது என்றான். கிளப்பே துள்ளியது. தலைவரும் பொறுப்பாளரும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லா விதியும் சரியா இருக்காமே" என்றார் மணிகண்டராஜ், தாழ்ந்த குரலில்.

"ஆமா. ஒண்ணுவிடாம" என்றார் சீனிவாசகம்.

கரையில் நின்று கவனித்துக்கொள்ளலாம் என்று கடைசியாக ஒரு நம்பிக்கை அவருக்கு மிச்சமிருந்தது. அதையும் டென்னிஸே உடைத்தான். பொறுப்பாளர் இல்லாமல் யாரும் தண்ணீருக்குள் போகக் கூடாது என்று அண்ணாச்சிதானே எழுதியிருக்கிறீர்கள், ரொம்பச் சரியான விதி, யாரும் பின்தங்காமல் பார்க்கக் கடைசிப் படகில் ஒரு பொறுப்பான ஆள் வர வேண்டும் என்றான். தோள் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லோர் முன்னாலும் தோளைச் சுழற்றிக் காட்ட வேண்டியதாயிற்று. அப்படித்தான் அவர் காயப்போடும் மேடையில் வந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை டென்னிஸ் கண்மாய்க்கு வந்து கடைசிப் பாடம் நடத்தினான். சீனிவாசகத்தின் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினான். நீளமாக ஒரு விசில் ஊதினால், எல்லோரும் துடுப்பை வலித்து ஊதியவர் பக்கம் கூடி வர வேண்டும், படகோடு படகை ஒட்டி ஒருவர் படகை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படிப் பிடித்துக்கொண்டால் எந்த அலைக்கும் கவிழாது, இதைத் தண்ணீரில் வைத்து எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள் என்றான்.

தண்ணீரில் வைத்து என்றதும் சீனிவாசகம் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "எங்க ஆளுகளுக்கு விசில் பழக்கணுமாப்பா? பிறந்ததுல இருந்து கேட்டு வளர்ந்தவுக" என்று அடித்துப் பேசிவிட்டு, கரையில் நின்றபடியே கத்திக் கேட்டார், விசில் விதி எல்லோருக்கும் தெரியும்தானே என்று. தெரியும் என்று கண்மாயே அதிரப் பதில் வந்தது.

தெரியாமலா? அந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் போர்மேன் கழுத்தில் எப்போதும் விசில் கிடக்கும். அது நீளமாக ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். கையில் இருப்பதைக் கீழே போடு. யாரோடும் சேர்ந்து நிற்காதே. திரும்பிப் பார்க்காமல் ஓடு.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம் வேன் வேம்பார்க் கடற்கரையில் போய் நின்றது. இறங்கிய சீனிவாசகம் வேன் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

திருச்செந்தூரில் அவர் பார்த்த கடல், கூட்டத்துக்கும் தேங்காய் மூடிக்கும் நடுவில் தெரிந்த கடல். இது வேறு. தொடக்கமும் முடிவும் இல்லாமல், ஓர் அசைவு இல்லாமல் கிடந்தது. சூரியன் தண்ணீருக்குள் இருந்து ஏறி வந்தது. அவ்வளவு பெரிய நெருப்பு அவ்வளவு பக்கத்தில் வந்தும் ஒரு சத்தம் இல்லை. நெருப்பு என்றால் சத்தம் என்றே வாழ்ந்த மனிதருக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்.

படகில் ஏறும் முன் கிளப் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய், துணைக்கு நின்ற மோட்டார் வள்ளத்தின் விளிம்பில் அடித்திருந்த தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வந்தார்கள். மருந்து அறைக்குள் போகும் முன் உடம்பு மின்சாரம் இறங்க வாசல் தகட்டைத் தொடுவது அவர்கள் பழக்கம். கை தானாகப் போனது. வள்ளக்காரர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யோகேஸ்வரியும் செல்லக்கனியும் டிபன் கேரியர்களோடு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தார்கள்.

முன்னால் டென்னிஸ், நடுவில் மணிகண்டராஜ், கடைசியில் சீனிவாசகம். மணிகண்டராஜ் படகின் உறையை அன்றைக்குத்தான் பிரித்தார்கள். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. கடலிடம் உத்தரவு கேட்கிறார் என்று சீனிவாசகம் எடுத்துக்கொண்டார்.

வலது பக்கம் ஓர் இழுப்பு, இடது பக்கம் ஓர் இழுப்பு. படகு நகர்ந்தது. மேடையில் பழகியது வீண் போகவில்லை என்பதைவிட, கடலே அவரை ஏந்திக்கொண்டு போனது என்பதுதான் சரி. கீழே எட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரித் தண்ணீருக்கு அடியில் புல்வெளி அசைந்தது. கொஞ்சம் போனதும் பச்சை நீலமானது, நீலம் கருத்தது. அடி தெரியாமல் போனது. ஐஸ்வர்யா, ஐஸ்வர்யா என்று மகள் பெயரையே சொல்லித் துடுப்புப் போட்டார்.

கரையில் தென்னைகள் கீரைக்கட்டு அளவுக்குச் சிறுத்த நேரத்தில், அவருடைய படகுக்கு இடது பக்கம் தண்ணீர் வீங்கியது. கருப்பாக, வழவழவென்று, படகைவிட நீளமாகத் தெரிந்த ஒரு முதுகு எழும்பிப் புரண்டு உள்ளே போனது.

சீனிவாசகத்துக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் மனித வாடை. டென்னிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. ஊதினால் கூடி வருவார்கள். மூச்சு முழுவதையும் திரட்டி நீளமாக ஊதினார்.

கிளப் மொத்தமும் துடுப்பைக் கடலில் போட்டது.

ஒருவர் பாக்கி இல்லை. போட்ட பிறகுதான் ஓடுவதற்குத் துடுப்பு வேண்டும் என்று அவர்களுக்கு உறைத்தது. ஆனாலும் ஓட வேண்டுமே. கையாலேயே தண்ணீரைத் தள்ளி, ஒருவரை விட்டு ஒருவர் விலகி, ஆளுக்கொரு திசையில் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. ஞானமுத்து இன்னும் ஒரு படி மேலே போய், அறையை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதிப்படி படகில் இருந்தே குதித்துவிட்டார். லைஃப் ஜாக்கெட்டில் நட்ட வாக்கில் மிதந்துகொண்டு, "எல்லாரும் வந்து கூடுற இடம் எங்கன?" என்று கடலைப் பார்த்துக் கேட்டார். டென்னிஸ் தலையில் கை வைத்துக்கொண்டதை சீனிவாசகம் தூரத்தில் பார்த்தார்.

ஐயோ, துடுப்பைப் போடாதீர்கள் என்று கத்த வாயெடுத்தவர் தன் கையைப் பார்த்தார். வெறுங்கை. முப்பது வருடப் பழக்கம். ஊதியது அவரே ஆனாலும், விசில் கேட்டதும் அவருடைய கையும் போட்டுவிட்டது. துடுப்பு சாவகாசமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

சம்பந்தம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மகளின் முகத்தில் இனி எப்படி முழிப்பது? அழுகை முட்டியது. படகின் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அப்போதுதான் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது.

புஸ்ஸென்று, நிதானமாக, யாரோ ஒருவர் நாள் வேலை முடிந்து மூச்சு விடுகிற மாதிரி. கண்ணைத் திறந்தார். அந்த முதுகு மறுபடியும் எழும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. வலது பக்கம் இரண்டு. சுற்றிலும் ஒரு கூட்டமே எழும்பி எழும்பி அமிழ்ந்தது. டால்பின்கள். ஒரு தாய், படகுக்கு ஒரு கை தூரத்தில், முதுகோடு ஒட்டி வரும் குட்டியோடு போனது. போகிற போக்கில் அதன் கண் அவரைப் பார்த்தது. யாரப்பா நீ என்று கேட்கிற பார்வை. அதில் கோபமும் இல்லை, பயமும் இல்லை.

சீனிவாசகத்தின் கண்ணில் இருந்து நீர் கொட்டியது. அது இப்போது பயத்தினால் வந்தது அல்ல. ஊருக்கெல்லாம் சத்தத்தைச் செய்து விற்றவர் அவர். ஆகாயத்தில் பூப்பூவாக விரியும் வெடியைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பதைக் கம்பெனி வாசலில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அந்த வாய் பிளப்பு தனக்கும் ஒருநாள் வரும் என்று அவர் நினைத்ததில்லை. தான் இத்தனை சிறியவன் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. இந்தப் பெரிய கடல் இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது, தான்தான் வரவில்லை.

அவருடைய படகில் இன்னொரு படகு மெல்ல வந்து இடித்தது. மணிகண்டராஜ். துடுப்பு இல்லை. அச்சகம் வைத்திருந்தாலும் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வளர்ந்தவர்தானே. கண்ணை இறுக மூடி, தியானத்தில் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். சீனிவாசகம் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் சீனிவாசகத்தின் மோதிர விரல் நசுங்கியது.

"கண்ணைத் திறந்து பாருங்க அண்ணாச்சி."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும். தாயும் குட்டியும் திரும்பி வந்து இரண்டு படகுக்கும் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழும்பின. மணிகண்டராஜின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"என் ஆயுசுல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல அண்ணாச்சி" என்றார்.

இவ்வளவு கடலைப் பார்த்தவரே இப்படிச் சொல்கிறார் என்றால் தனக்குக் கிடைத்தது எப்பேர்ப்பட்ட காட்சி என்று சீனிவாசகம் சிலிர்த்தார். இருவரும் கையை விடாமல், அந்தக் கூட்டம் தெற்கே போய் மறைகிற வரைக்கும் மிதந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் படகை ஒருவர் பிடித்தபடி. டென்னிஸ் சொன்ன விதியை அன்றைக்குக் கடைப்பிடித்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

வள்ளம் சுற்றி வந்து துடுப்புகளைப் பொறுக்கியது. ஞானமுத்துவைப் பொறுக்கியது. டென்னிஸ் மீதிப் படகுகளை ஒன்றோடு ஒன்று கயிற்றில் கோத்து, சரவெடி மாதிரி கரைக்கு இழுத்து வந்தான். ஓங்கில் கூட்டம் இம்புட்டுப் பக்கத்தில் வந்து தானே பார்த்ததில்லை, துடுப்புச் சத்தம் இல்லாததால்தான் வந்திருக்கிறது என்று அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். கடற்கரையில் டால்பினுக்கு ஓங்கில் என்று பேர்.

கரையில் இறங்கியதும் சீனிவாசகம் நேரே மணிகண்டராஜிடம் போனார். அந்தத் தாயின் கண் பார்த்த பிறகு பொய்யைச் சுமந்துகொண்டு நிற்க அவரால் முடியவில்லை. வருவது வரட்டும் என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, விசில் தப்பு என்னோடது. நான் ஒருத்தருக்கும் பழக்கல. அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. எனக்குக் கடல்..."

மணிகண்டராஜ் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் சொல்லாதீக. இன்னைக்கு மட்டும் நீங்க என் கையைப் பிடிக்கலைன்னா..." என்று இழுத்தார். வருகிற முகூர்த்தத்திலேயே நிச்சயத்தை வைத்துக்கொள்வோம், இதைவிட நல்ல சம்பந்தம் என் மகனுக்குக் கிடைக்காது என்று சொல்லி, ஈர வேட்டியை மாற்ற வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

சீனிவாசகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் அவள் சிரித்தது கேட்டது. திரும்பிக் கடலைப் பார்த்தார். வெயில் ஏறி அது பளபளத்துக் கிடந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, மறுபடியும் உள்ளே போக வேண்டும் போல இருந்தது. என்றைக்கோ வாய்க்கு வந்தபடி சொன்ன பொய் இன்றைக்கு உண்மையாகிவிட்டது. இனிமேல் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதே இல்லை. டென்னிஸைக் கூப்பிட்டு மாதம் ஒரு ஞாயிறு தங்களுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொன்னார்.

யோகேஸ்வரி இலையில் இட்லியை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்லக்கனி சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்து வழிய, சீனிவாசகம் செல்லக்கனியிடம் போய், இனிமேல் மாதம் தவறாமல் அண்ணாச்சியை நானே கூட்டிக்கொண்டு கடலுக்கு வந்துவிடுவேன், நீ கவலையே படாதே தங்கச்சி என்றார்.

செல்லக்கனி கரண்டியைக் கீழே வைத்தாள். வேன் பக்கம் எட்டிப் பார்த்து, புருசன் காதில் விழாத தூரத்தில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பாவத்தை மட்டும் பண்ணாதீக அண்ணே, வீட்டுக்குப் போன உடனே செவுத்துல இருக்கிற அந்தக் கடல் படத்தைக் கழட்டிருங்க, அதைப் பார்த்துட்டுப் பொண்ணு வீட்டுக்காரருக்குக் கடல்னா உயிருன்னு தரகர் வந்து சொன்ன மறுநாள்தான், வாளித் தண்ணியை மேல ஊத்தவே பயப்படுற எங்க வீட்டு மனுசர் இந்தக் கிளப்பையே ஆரம்பிச்சாரு."